பயணத்துக்கு முன் வழிகாட்டி: ஓர் இளம் உறக்க ஆய்வாளரின் ரியோ பயணம் பற்றிய நிகழ்வு ஆய்வு

உறக்கத்தில் மூச்சு தடைப்படும் நோய் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த ஒரு மாணவி, 2023 அக்டோபரில் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் நடந்த உலக உறக்க மாநாட்டுக்குத் தமிழ்நாட்டின் மருத்துவக் கல்லூரி ஒன்றிலிருந்து சென்றுவந்தார். பயண உதவித்தொகை கிடைத்த பிறகும் அந்தப் பயணம் நின்றுபோகும் நிலைக்கு எப்படி வந்தது, வெளியிலிருந்து வந்த ஒரு வழிகாட்டி அவருடைய ஆய்வின் போக்கை எப்படித் திருப்பினார் என்பதை, கல்லூரியின் ஆராய்ச்சிக் குழு உறுப்பினர் என்ற முறையில் இங்கே பதிவு செய்கிறேன். ஆட்கள், நிறுவனங்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். மாணவியும் அவருடைய நெறியாளரும் படித்துப் பார்த்துச் சம்மதித்திருக்கிறார்கள்.

பின்னணி

மாணவி உடலியங்கியல் துறையில் முழுநேர ஆய்வாளர். குடும்பத்தில் முதுகலை வரை படித்த முதல் ஆள். மூத்த ஆய்வு உதவித்தொகையாக மாதம் 42,000 ரூபாய் பெற்றுவந்தார்; 2023 ஜனவரியிலிருந்து கணக்கிட்டு உயர்த்தப்பட்ட தொகை அது. அதில் ஒரு பெரும்பகுதி மாதாமாதம் ஊருக்குப் போய்விடும்.

நெறியாளர் மூச்சியக்கத்தில் நீண்ட அனுபவம் உள்ளவர். உறக்கப் பதிவுகளைப் படித்துக் குறிப்பது அவருடைய துறை அல்ல. அதை அவரே வெளிப்படையாகச் சொல்வார். இந்தியாவின் பல கல்லூரிகளில் நிலைமை இதுதான். உறக்க ஆய்வுக்கூடம் என்பது நுரையீரல் பிரிவிலோ நரம்பியல் பிரிவிலோ ஓர் அறை. நோயாளிக்குச் சி-பாப் கருவி (உறங்கும்போது முகமூடி வழியே காற்றை அழுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைப்பது) தேவையா என்று முடிவு செய்ய அது போதும். ஆனால் ஆய்வு செய்ய வரும் இளையவருக்கு, பக்கத்தில் உட்கார்ந்து, 'இந்த இடத்தில் ஏன் இப்படிக் குறித்தீர்கள்?' என்று கேட்க ஆள் இருப்பதில்லை. டெக்னீஷியனிடம் கற்றுக்கொண்டு, கையேட்டைப் படித்து, தானாகவே தேறிவர வேண்டும்.

அவர் எடுத்துக்கொண்ட பொருள் லாரி, பஸ் ஓட்டுநர்களின் உறக்கம். கல்லூரியின் சொந்தக் கூடத்தில் நகர ஓட்டுநர்களுக்கும், மாவட்டத் தலைநகர் ஒன்றின் மருத்துவமனையில் அந்தப் பகுதி ஓட்டுநர்களுக்கும் இரவு முழுக்கப் பதிவு எடுத்தார். பாலிசோம்னோகிராபி எனப்படும் இந்தப் பதிவில் மூளை அலை, கண்ணசைவு, தாடைத் தசை, மூச்சு, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். அதை முப்பது முப்பது விநாடித் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் பார்த்துக் குறிக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மூச்சு எத்தனை முறை நின்றது, எத்தனை முறை குறைந்தது என்ற கணக்கே கடைசியில் கிடைக்கும் குறியீட்டெண். 5க்கு மேல் போனால் நோய் உண்டு, 15க்கு மேல் நடுத்தரம், 30க்கு மேல் கடுமை என்பது பொதுவான வகைப்பாடு.

நகர ஓட்டுநர்களிடம் இந்தக் குறியீட்டெண் மாவட்ட ஓட்டுநர்களைவிடத் தெளிவாகவே கூடுதலாக இருந்தது. நெரிசல், ஷிப்ட், உணவுப் பழக்கம் என்று காரணங்களும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. அந்த வேறுபாட்டையே தலைப்பாக வைத்து ஆய்வுச் சுருக்கம் அனுப்பினார். போஸ்டராக வைக்க ஏற்றுக்கொண்டார்கள்.

உதவித்தொகை கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை

பயண உதவிக்கு விண்ணப்பித்து, ஒப்புதல் கடிதமும் வந்தது. விமானக் கட்டணம், பதிவுக் கட்டணம், விசாக் கட்டணம் மூன்றும் உண்டு. தங்குமிடமும் சாப்பாடும் கிடையாது. எல்லாவற்றையும் முதலில் விண்ணப்பதாரரே செலவு செய்துவிட்டு, திரும்பி வந்து பில்லும் போர்டிங் பாஸும் வைத்துக் கேட்டுப் பெற வேண்டும்.

சென்னையிலிருந்து ரியோவுக்கு நேரடி விமானம் கிடையாது. கட்டணம் ஒரு லட்சத்துக்கு மேல். டிக்கெட்டை எங்கு வேண்டுமானாலும் மலிவாகப் பார்த்து வாங்கிவிடவும் முடியாது. அரசுச் செலவில் பறப்பவர்கள் பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐஆர்சிடிசி ஆகிய மூன்று முகவர்களிடம்தான் வாங்க வேண்டும் என்று 2022இல் மத்திய நிதியமைச்சகம் உத்தரவிட்டிருந்தது. இவருடைய ஒப்புதல் கடிதத்திலும் அந்த நிபந்தனை இருந்தது. ஆக, மாதம் 42,000 வாங்கும் ஒருவர் தன் மூன்று மாத வருமானத்துக்கு மேல் ஒரே நாளில் கட்டிவிட்டு, எப்போது திரும்ப வரும் என்று தெரியாமல் காத்திருக்க வேண்டும்.

அவர் குழுவிடம் வந்தது பணம் கேட்டு அல்ல. போகவில்லை என்று எழுதிக் கொடுக்க என்ன படிவம் என்று கேட்டு வந்தார். வீட்டில் நகையை அடகு வைக்கப் பேச்சு நடந்திருக்கிறது. அதற்கு அவர் சம்மதிக்கவில்லை. இந்த விவரமும் நாங்கள் துருவிக் கேட்ட பிறகே வெளிவந்தது. உதவித்தொகை பெற்றும் போகாதவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. கொடுத்த நிறுவனத்தின் ஏட்டில் அது 'பயன்படுத்தப்படாத தொகை' என்று முடிந்துவிடும்.

குழுவின் முடிவும் அதன் காரணமும்

முன்னாள் மாணவர் நிதி என்று ஒன்று கல்லூரியில் உண்டு. அதிலிருந்து முன்பணம் கொடுத்து, உதவித்தொகை வந்ததும் திரும்பப் பெறலாம் என்ற யோசனை வந்தது. எதிர்ப்பும் வந்தது. "இந்தப் பணத்தில் நாலு பேரை டெல்லி மாநாட்டுக்கு அனுப்பலாமே" என்றார் மூத்த பேராசிரியர் ஒருவர். அது நியாயமான கேள்வி. பேச்சில் அதற்கு யாரும் முழுமையான பதில் சொல்லவில்லை.

நெறியாளர் தன் கைப்பணத்தைத் தர முன்வந்தார். அதைக் குழு ஏற்கவில்லை. ஆய்வேட்டில் கையெழுத்துப் போட வேண்டியவரிடம் மாணவர் கடன்பட்டிருப்பது இருவருக்குமே நல்லதல்ல. நாளை ஒரு கருத்து வேறுபாடு வந்தால் அந்தக் கடன் நடுவில் வந்து நிற்கும்.

வேறொரு உறுப்பினர் பேச்சைத் திருப்பினார். இதற்கு முன் வெளிநாடு போய் வந்தவர்கள் என்ன கொண்டுவந்தார்கள் என்று கேட்டார். சான்றிதழ், படங்கள், சில முகவரி அட்டைகள். போஸ்டர் முன்னால் நின்று யாரிடமாவது ஆழமாகப் பேசினோம் என்று சொன்னவர்கள் மிகக் குறைவு. பயணத்துக்குப் பணம் கொடுக்கிறோம், அந்தப் பயணத்தைப் பயன்படுத்திக்கொள்ளச் சொல்லித்தர யாரையும் கொடுப்பதில்லை என்பது அவர் வாதம். அதிலிருந்தே நிபந்தனை பிறந்தது: முன்பணம் உண்டு, ஆனால் டிக்கெட் எடுப்பதற்கு முன் கல்லூரிக்கு வெளியே உள்ள ஓர் உறக்க ஆய்வாளரை வழிகாட்டியாக ஏற்று, போஸ்டரை அல்ல, மூலப் பதிவுகளையே அவரிடம் காட்ட வேண்டும்.

நெறியாளருக்கு இது முதலில் உவக்கவில்லை. தன் மேற்பார்வையில் குறை காண்பதாக எடுத்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து அவரே அண்டை மாநிலத்தில் பணிபுரியும் மூத்த ஆய்வாளர் ஒருவரின் பெயரைச் சொல்லி, தொலைபேசியில் பேசி ஏற்பாடு செய்தார். இந்த நிகழ்வில் நான் மிகவும் மதிப்பது அந்தச் செயலைத்தான்.

முதல் சந்திப்பில் வெளிப்பட்டது

நோயாளிகளின் பதிவைக் கல்லூரிக்கு வெளியே அனுப்ப நெறிமுறைக் குழுவின் தனி அனுமதி வேண்டும். அதற்கு நேரமில்லை. ஆகவே பெயர், எண் எல்லாம் மறைக்கப்பட்ட பதிவுகளை மாணவியின் கணினியிலேயே திறந்து, திரையைப் பகிர்ந்து வழிகாட்டிக்குக் காட்டுவது என்று முடிவானது. பதிவு எதுவும் வெளியே போகவில்லை.

வழிகாட்டி போஸ்டர் வரைவைத் தொடவே இல்லை. இரண்டு இடங்களிலிருந்தும் ஒவ்வொரு பதிவைத் திறக்கச் சொன்னார். மூச்சுக் கோட்டை மெதுவாக நகர்த்திக்கொண்டே போய், ஓர் இடத்தில் நிறுத்தச் சொன்னார். மூச்சு குறைந்திருந்தது, ஆக்சிஜன் 95 சதவீதத்திலிருந்து 92க்கு இறங்கியிருந்தது. கல்லூரிக் கூடத்தின் பதிவு அது; 'மூச்சுக் குறைவு' என்று குறிக்கப்பட்டிருந்தது. பிறகு மாவட்ட மருத்துவமனைப் பதிவில் அதே போன்ற ஓர் இடம். அங்கே குறி எதுவும் இல்லை.

"இரண்டு கூடங்களிலும் எந்த விதி?" என்று கேட்டார்.

மாணவிக்குக் கேள்வி புரிந்தது. பதில் தெரியவில்லை. அன்று மாலையே இரண்டு மென்பொருள்களின் அமைப்புப் பக்கத்தையும் திறந்து பார்த்தார். கல்லூரிக் கூடத்தில், ஆக்சிஜன் 3 சதவீதம் குறைந்தாலோ மூளை அலையில் விழிப்பு தெரிந்தாலோ எண்ணிக்கொள்ளும் விதி. மாவட்ட மருத்துவமனையில், 4 சதவீதம் குறைந்தால் மட்டுமே எண்ணும் விதி. இரண்டுமே புழக்கத்தில் உள்ள முறையான விதிகள். அமெரிக்க உறக்க மருத்துவ அகாதமியின் 2007ஆம் ஆண்டுக் கையேடு 4 சதவீதத்தைப் பரிந்துரைத்தது. 2012இல் வந்த திருத்தம் 3 சதவீதத்துக்கும் விழிப்புக்கும் மாறியது. தனித்தனியாகப் பார்த்தால் எந்தக் கூடத்திலும் பிழை இல்லை. இரண்டையும் ஒரே அட்டவணையில் வைத்து ஒப்பிட்டதில்தான் கோளாறு.

இது எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்று உணர்த்த, வழிகாட்டி இரண்டு கட்டுரைகளைப் படிக்கச் சொன்னார். அமெரிக்காவின் விஸ்கான்சினில் 30 முதல் 60 வயதுக்குட்பட்ட 602 பேரிடம் நடந்த 1993ஆம் ஆண்டு ஆய்வில், ஆண்களில் 24 சதவீதத்தினருக்குக் குறியீட்டெண் 5 அல்லது அதற்கு மேல். சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் 2,121 பேரிடம் நடத்தி 2015இல் வெளியான ஆய்வில், ஆண்களில் 49.7 சதவீதத்தினருக்கு 15 அல்லது அதற்கு மேல். வயதும் வேறு, கருவிகளும் நுட்பமாகிவிட்டன என்பது உண்மை. ஆனால் முன்னது 4 சதவீத விதி, பின்னது 2012ஆம் ஆண்டு விதி. விதியைப் பார்க்காமல் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்தால், ஒரு தலைமுறைக்குள் உலகமே மூச்சுத் திணறத் தொடங்கிவிட்டதாகத் தோன்றும்.

திருத்துவதா, விலகுவதா

ஆய்வுச் சுருக்கம் ஏற்கெனவே ஏற்கப்பட்டுவிட்டது. பழைய எண்களுடன் அது வெளிவரும். மூன்று வழிகள் இருந்தன. விலகிக்கொள்வது. எதுவும் சொல்லாமல் பழைய எண்களோடு போவது. அல்லது எல்லாப் பதிவுகளையும் ஒரே விதிக்குக் கொண்டுவந்து, சுருக்கத்தில் இருப்பதும் போஸ்டரில் இருப்பதும் வேறு என்று போஸ்டரிலேயே எழுதுவது.

இரண்டாவது வழியைப் பற்றி யாரும் பேசக்கூட இல்லை. விலகிவிடலாம் என்று மாணவியே சொன்னார். சங்கடம் அவருக்கு. வழிகாட்டி மறுத்தார். விலகினால் இந்தக் கோளாறு இவரோடு முடிந்துவிடும்; எடுத்துச் சொன்னால் இதே போல் பல கூடங்களின் பதிவுகளைச் சேர்த்து ஆய்வு செய்கிற மற்றவர்களுக்கும் பயன்படும் என்றார். குழுவும் அதை ஏற்றது.

எந்த விதிக்கு மாற்றுவது என்பதிலும் ஒரு நுட்பம் இருந்தது. 3 சதவீத விதியில் குறிக்கப்பட்டவற்றிலிருந்து, 4 சதவீதம் குறைந்தவற்றை மட்டும் வடிகட்டி எடுக்கலாம். மறுபக்கம் முடியாது: 4 சதவீத விதியில் குறிக்கும்போது விட்டுப்போனவற்றை, முழு இரவையும் மீண்டும் கண்ணால் பார்க்காமல் மீட்க வழியில்லை. மாநாட்டுக்கு முன் செய்து முடிக்கக்கூடியது முதலாவதுதான். கல்லூரிக் கூடத்தின் எல்லாப் பதிவுகளையும் மாணவி 4 சதவீதத்துக்கு இறக்கினார். நெறியாளரும் மாதிரிக்குச் சிலவற்றை எடுத்து, கூடவே உட்கார்ந்து சரிபார்த்தார்.

நகரத்துக்கும் மாவட்டத்துக்கும் இருந்த வேறுபாட்டின் பெரும்பகுதி கரைந்துபோனது. மிஞ்சியதை உடல் எடையும் வயதும் விளக்கிவிட்டன. போஸ்டரின் தலைப்பு மாறியது. இரண்டு விதிகளின் கீழும் அதே ஓட்டுநர்களின் எண்கள் எப்படி மாறுகின்றன என்பதே பொருளானது.

உறக்க ஆய்வில் வழிகாட்டுதல் என்றால் ஊக்கப்படுத்துவது என்று பலர் நினைக்கிறார்கள். ஐயப்படுவதும் அதில் சேர்த்தி. கனவுறக்கத்தில் கண்கள் வேகமாக அசைவதைக் கண்டறிந்த யூஜீன் அசெரின்ஸ்கி, அப்போது சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர். அவருடைய பேராசிரியர் நத்தானியேல் கிளைட்மன் எளிதில் நம்பிவிடவில்லை. தன் மகளையே படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டார். அதன் பிறகே 1953இல் அந்தக் கட்டுரை இருவர் பெயரிலும் வெளிவந்தது.

பயணம்

டிக்கெட் எடுத்த பிறகு ஒரு சிக்கல். பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குத் திரும்புவோரிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே சான்று செல்லும். எந்த ஒப்புதல் கடிதத்திலும் இது இல்லை. முகவர் அலுவலக ஊழியர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னது. மறுவாரமே மாணவி சென்னை கிண்டியில் உள்ள கிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போய் ஊசி போட்டு மஞ்சள் அட்டையை வாங்கிவந்தார். நாள் கணக்கு நூலிழையில் சரியாக வந்தது.

ரியோவில் அவருடைய போஸ்டர் முன்னால் கூட்டம் என்று எதுவும் இல்லை. வந்தவர்கள் நின்றார்கள். விதியை எப்படி மாற்றினீர்கள், விழிப்புக் குறிகளை என்ன செய்தீர்கள் என்று கேட்டவர்கள் பெரும்பாலும் அவரைப் போலவே இளம் ஆய்வாளர்கள்; வெவ்வேறு மருத்துவமனைகளின் பழைய பதிவுகளை ஒன்றுசேர்த்து ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தவர்கள். "சுருக்கத்திலிருந்து மாறுபடுகிறது" என்று போஸ்டரில் எழுதியிருந்த பெட்டிக்கு எதிரே நின்றுதான் அவர்களில் பலர் பேச்சைத் தொடங்கியிருக்கிறார்கள். வழிகாட்டி அந்த மாநாட்டுக்கு வரவில்லை. ஆனால் யார் யாரைச் சந்திக்க வேண்டும், ஒவ்வொருவரிடமும் என்ன ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதவைத்திருந்தார். அந்தத் தாளை மாணவி எங்களிடம் காட்டினார். பெயர்களுக்கு எதிரே பதில்கள் பென்சிலில் இருந்தன.

அதற்குப் பிறகு

பணம் திரும்ப வர மாதங்கள் ஆயின. திரும்பும் வழியில் ஒரு கட்டத்துக்கான போர்டிங் பாஸ் கைப்பேசியில் மட்டுமே இருந்தது. தாளில் வேண்டும் என்று கோப்பு திரும்பி வந்தது. விமான நிறுவனத்திடம் பயணச் சான்று வாங்கி அனுப்புவதற்குள் மார்ச் முடிந்து அடுத்த நிதியாண்டு பிறந்துவிட்டது. இடைப்பட்ட காலத்தில் முன்னாள் மாணவர் நிதி கிட்டத்தட்டக் காலி. உள்நாட்டு மாநாடு ஒன்றுக்கு முன்பணம் கேட்ட வேறொரு மாணவருக்குக் கொடுக்க முடியவில்லை. அவர் போகவில்லை. மூத்த பேராசிரியரின் கேள்விக்கு நடைமுறை கொடுத்த பதில் இது, அதை மறைப்பதில் பொருளில்லை.

வழிகாட்டி தொடர்ந்து மாதம் ஒருமுறை பேசிவந்தார். நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்று, மாணவி ரயிலில் போய் அவருடைய கூடத்தில் இரண்டு வாரம் தங்கிப் பதிவு குறிக்கப் பழகினார். ஒரே பதிவை இருவர் தனித்தனியே குறித்து ஒப்பிடும் பயிற்சி அது. தேர்ந்தவர்களிடையே கூட முழு ஒற்றுமை வராது. அமெரிக்க அகாதமியின் திட்டத்தில் 2,500க்கும் மேற்பட்டவர்கள் குறித்ததை ஒப்பிட்டு 2013இல் வெளியான ஆய்வில் உறக்க நிலைகளில் மொத்த ஒற்றுமை 82.6 சதவீதம், உறக்கத்தின் முதல் நிலையில் 63 சதவீதம்தான். எங்கே ஐயம் வருவது இயல்பு, எங்கே வரக்கூடாது என்பதை அவர் அங்கே கற்றார். திரும்பி வந்ததும் மாவட்ட மருத்துவமனைப் பதிவுகள் அத்தனையையும் 2012ஆம் ஆண்டு விதிப்படி முதலிலிருந்து குறித்தார். அந்த அத்தியாயம் ஆய்வேட்டில் சேர்ந்துவிட்டது. கட்டுரை ஓர் இதழின் மதிப்பீட்டில் இருக்கிறது.

அந்த இரண்டு வாரத்துக்கு ஆன செலவு, ரியோ டிக்கெட்டோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. ரியோ வீண் என்று நான் சொல்லவரவில்லை. மாநாட்டுத் தேதி ஒன்று இல்லாதிருந்தால் யாரும் அந்தப் பதிவுகளை அவ்வளவு அவசரமாகத் திறந்திருக்க மாட்டோம். அங்கே கிடைத்த தோழமையை ரயில் டிக்கெட் வாங்கித் தராது. ஆனால் கையில் ஒரே ஒரு தொகை இருந்து, இரண்டில் ஒன்றைத்தான் தேர வேண்டும் என்றால், கூடத்துக்கே கொடுப்பேன்.

மாறியதும் மாறாததும்

வழிகாட்டியை டிக்கெட்டுக்கு முன் அல்ல, ஆய்வுச் சுருக்கம் அனுப்பும் முன்பே சேர்ப்பது என்று இப்போது முடிவாகியிருக்கிறது. சில வாரம் முந்தியிருந்தால் பழைய எண்கள் அச்சுக்கே போயிருக்காது. மூலப் பதிவை வெளி வழிகாட்டி பார்ப்பதற்கான அனுமதியைத் தொடக்க நெறிமுறை விண்ணப்பத்திலேயே கேட்டுவிடுகிறோம். முன்னாள் மாணவர் நிதியில் ஒரு பகுதியை உள்நாட்டுப் பயணத்துக்கென்று தனியே ஒதுக்கியாயிற்று. வெளிநாட்டு முன்பணம் எவ்வளவு தாமதமாகத் திரும்பினாலும் அந்தப் பகுதியைத் தொடக்கூடாது. தடுப்பூசி, முகவர், தாளில் போர்டிங் பாஸ் எல்லாம் மாணவி தன் கையால் எழுதிய ஒரு பக்கக் குறிப்பில் இருக்கின்றன. அலுவலகம் அதையே நகலெடுத்துக் கொடுக்கிறது.

ஒன்று மட்டும் தீரவில்லை. விசா மறுக்கப்பட்டால் கட்டிய பதிவுக் கட்டணமும் டிக்கெட்டில் கழியும் தொகையும் யார் பொறுப்பு என்பது. உதவித்தொகை கொடுப்பவர்கள், நடக்காத பயணத்துக்குப் பணம் தருவதில்லை. இப்போதைய விதிப்படி அதை மாணவரே ஏற்க வேண்டும். முன்பணமாகப் பெற்றதைத் தவணையில் திருப்பிக் கட்ட வேண்டும். அந்த இழப்பை நிதியே தாங்க வேண்டும் என்று குழுவில் எழுத்து மூலமாகக் கேட்டிருக்கிறேன். அடுத்த விண்ணப்பம் ஏற்கெனவே வந்துவிட்டது. அது பரிசீலனைக்கு வரும் கூட்டத்திலேயே இதையும் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.